சட்டை போட்டுக்கொண்டே அடிப்போம்

(திண்டுக்கல்லில் தப்பாட்டக் கலைஞர்களும் தோல் தொழிலாளர்களும் கூடிய ஒரு சிறு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



"கண்காட்சிகளும் நமது கலைகளும்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் ஆராய்ச்சியாளன் இல்லை. முப்பது வருசம் பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருந்து ஓய்வு பெற்றவன். அதுக்கு முந்தி ஒரு தோல் வேலைக்காரரோட மகன். வீட்டுக்குள்ள தெலுங்கும் தெருவுல தமிழும் பேசி வளர்ந்தவன். எங்க ஐயா தப்புக் கட்டுவார், செருப்புத் தைப்பார், கமலைக்கு வால் தைப்பார். இன்னைக்கு நான் ஒரு தப்பைப் பத்திப் பேசப் போறேன். அடிக்கிற தப்பையும் சேர்த்துத்தான், நான் செஞ்ச தப்பையும் சேர்த்துத்தான்.

நம்ம ஊர்ப்பக்கம் ஒரு கண்காட்சி நடந்தது. யார் நடத்தினாங்கங்கிறது இங்க முக்கியமில்ல. எல்லாரும் அப்படித்தான் நடத்துறாங்க. பள்ளிக்கூடப் பிள்ளைங்க தெர்மாகோல்ல மலைக்கோட்டை செஞ்சு வச்சிருந்தாங்க. தீக்குச்சியை ஒட்டிக் கோபுரம், தபால்தலைச் சேகரிப்பு, பழைய காசு, பாட்டில்ல வரைஞ்ச படம், மணி கோத்த பை. அந்தப் பக்கம் திண்டுக்கல் பூட்டு. இந்தப் பக்கம் சின்னாளப்பட்டிச் சேலை. ஒரு பானைக்காரர் சக்கரம் சுத்திக்கிட்டு இருந்தார். நல்லாத்தான் இருந்தது, குறை சொல்ல மாட்டேன்.

என்கிட்ட வந்து, "சார், உங்க தம்பி தப்புக் கட்டுறவராமே, ஒரு கடை போடச் சொல்லுங்க"ன்னாங்க. எனக்கு உச்சி குளுந்துபோச்சு. ஊருக்குள்ள இழவுக்கு மட்டும் கூப்பிட்ட தப்பு, பந்தலுக்குள்ள பூட்டுக்கும் பட்டுக்கும் பக்கத்துல உக்காரப் போகுதேன்னு நினைச்சேன். தம்பிக்கு அவ்வளவா மனசில்ல. "எதுக்குண்ணே, வேடிக்கை பார்ப்பாங்க" என்றான். நான்தான் வற்புறுத்தினேன். ஐயாவோட குத்தூசியையும், தோல் சீவுற உளியையும் பெட்டியில இருந்து எடுத்துக் கொடுத்தேன்.

முதல் நாள் காலையில பெரிய மனுசங்க வர்ற நேரம். நடத்துறவங்கள்ல ஒருத்தர் வந்து காதோட சொன்னார்: "சார், உங்க தம்பியைச் சட்டையைக் கழட்டிட்டு, தலையில துண்டைக் கட்டிக்கிட்டு உக்காரச் சொல்லுங்க. அப்பத்தான் பாரம்பரியமா இருக்கும்." தோழர்களே, அதை நான் என் தம்பிகிட்டப் போய்ச் சொன்னேன். "அரை மணி நேரந்தானடா" என்றும் சொன்னேன். அறுபதை நெருங்குற மனுசன், ஒரு வார்த்தை பேசாமச் சட்டையைக் கழட்டி மடிச்சு, பெட்டி மேல வச்சான். படம் எடுத்தாங்க. அரை மணி நேரம் ஒரு நாளாச்சு. அவன் சட்டையைப் போடவும் இல்ல, போடச் சொல்லி நான் சொல்லவும் இல்ல.

சாயங்காலம் அவன் மகன் வந்தான். பாலிடெக்னிக் படிக்கிற பையன். அப்பனைப் பார்த்தான். சுத்திவர ஒரு பார்வை பார்த்தான். மடிச்சு வச்ச சட்டையை எடுத்து, "அப்பா, இதைப் போடுங்க" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "பெரியப்பா, பூட்டுக்காரர் சட்டை போட்டுத்தான உக்காந்திருக்கார்? சேலைக் கடைக்காரர் போட்டிருக்கார்ல? நீங்க சட்டையில்லாமயா பள்ளிக்கூடத்துல பாடம் நடத்துனீங்க?" என்று கேட்டான்.

எங்க ஐயா காலத்துல மேல்சாதித் தெருவுக்குள்ள போகும்போது தோள்ல கிடக்கிற துண்டு இடுப்புக்கு இறங்கணும். சட்டைங்கிற பேச்சே கிடையாது. எனக்கு வேலை கிடைச்சு, முதல் சம்பளத்துல எடுத்துக் கொடுத்த சட்டையத்தான் ஐயா முதன்முதலாப் போட்டார். அதை ஊருக்குள்ள போட்டுக்கிட்டுப் போக அவருக்கு இன்னும் மூணு வருசம் ஆச்சு. அந்த மூணு வருசத்தை நான் அரை மணி நேரத்துல திருப்பிக் கொடுத்துட்டேன். அவங்க கேட்ட பாரம்பரியம் தப்போட பாரம்பரியம் இல்ல, சட்டையில்லாத உடம்போட பாரம்பரியம்.

பையன் அதோட விடல. பலகையைக் காட்டினான். பூட்டுக் கடையில பட்டறைக்காரர் பேரு, போன் நம்பர், விலை எல்லாம் எழுதியிருக்கு. சேலைக்குச் சங்கத்துப் பேரு இருக்கு. தீக்குச்சிக் கோபுரத்துக்குப் பக்கத்துல அந்தக் குழந்தையோட பேரும் வகுப்பும் பிரிவும் இருக்கு. என் தம்பி தலைக்கு மேல "பாரம்பரிய இசைக்கருவி - பறை" என்று ஒரே வரி. கட்டினவன் பேரு இல்ல, ஊர் இல்ல, விலை இல்ல. பொருளுக்குப் பேரு இருக்கு, மனுசனுக்கு இல்ல. அப்படின்னா அங்க காட்சிக்கு வச்சது எதை? தப்பையா, அவனையா?

தோழர்களே, இது இன்னைக்கு நேத்து வந்த பழக்கமில்ல. 1886ல லண்டன்ல காலனி நாடுகளுக்கும் இந்தியாவுக்குமாச் சேர்த்து ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. அதுல இந்தியக் கைவினைஞர்கள் உக்காந்து வேலை செய்றதைக் கூட்டம் கூட்டமா வந்து பார்த்தாங்க. பரம்பரை பரம்பரையா இந்தத் தொழில் செய்கிற கிராமத்து ஆட்கள் என்றுதான் பார்த்தவங்க நினைச்சாங்க. ஆனால் அவங்கள்ல பெரும்பாலோர் ஆக்ரா சிறைச்சாலையில இருந்து கொண்டுபோகப்பட்டவங்க. சிறைக்குள்ள கத்துக்கிட்ட தொழிலைத்தான் அங்கே செய்து காட்டினாங்க. பார்க்கிறவனுக்குப் "பரம்பரை" வேணும். அது இல்லாட்டிப் பரம்பரையையும் செஞ்சு கொடுத்துருவாங்க. நம்ம சென்னை அருங்காட்சியகத்துல 1885ல இருந்து 1908 வரை தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் என்ன பண்ணினார்? ஆட்களைப் பிடிச்சுத் தலையை அளந்தார், மூக்கை அளந்தார். 1909ல தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பத்தி ஏழு தொகுதி போட்டார். அளவு இருக்கு. அளக்கப்பட்டவன் என்ன சொன்னான்கிறது எங்க இருக்கு?

சரி, நம்ம கைவினைக்கு வருவோம். தப்புன்னா என்னமோ தட்டுற வட்டம்னு நினைக்கிறாங்க. வேப்பமரத்துல வளைவா மூணு துண்டு அறுத்து எடுக்கணும். மூணையும் இரும்புப் பட்டை வச்சு இணைச்சு வட்டமாக்கணும். வளைவு கொஞ்சம் பிசகினாலும் தோல் ஒரு பக்கம் இழுக்கும், ஒரு பக்கம் தொய்யும். தோலைச் சுண்ணாம்புல ஊறப்போட்டு, முடி கழிச்சு, உள்பக்கச் சவ்வைச் சீவணும். எவ்வளவு சீவுறதுங்கிறதுக்கு அளவுகோல் கிடையாது, விரல்தான் கணக்கு. கனமா விட்டா மந்தமாப் பேசும். மெலிஞ்சா தீயில காட்டுறப்பக் கிழியும். புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, அரைச்சுக் காய்ச்சின பசையால ஒட்டி, இழுத்துக் கட்டிக் காய வைக்கணும். வாசிக்கிறதுக்கு முன்னாடி வைக்கோல் தீயில காட்டணும். அப்ப விரலால சுண்டிப் பார்த்தே, போதும், இன்னும் வேணும்னு என் தம்பி சொல்லுவான். இடக் கையில மெலிசான நீளக் குச்சி, வலக் கையில கட்டையான அடிக்குச்சி. ரெண்டும் சேர்ந்து பேசுற பேச்சுல சாவுக்கு ஒரு அடி, சாமிக்கு ஒரு அடி, கல்யாணத்துக்கு ஒரு அடி. இதுல மரவேலை இருக்கு, தோல் பதனீடு இருக்கு, ஒலியைப் பத்தின அறிவு இருக்கு. இதுக்குப் பேரு தீட்டு.

கமலை வாலைச் சொன்னேன். இளவட்டங்களுக்குக் கமலையே தெரியாது. திண்டுக்கல் சமவெளி ஆத்துப் பாசனத்தை நம்பின பூமி இல்ல, கிணத்துப் பூமி. பம்புசெட்டு வர்றதுக்கு முந்தி மாடு கட்டி இறைச்ச தண்ணியிலதான் சோளமும் கம்பும் மிளகாயும் விளைஞ்சது. அந்தச் சாலுக்குக் கீழே தண்ணியைக் கொண்டாந்து வாய்க்கால்ல ஊத்துறது தோல்வால். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்தி, ஒரு சொட்டு ஒழுகாமத் தைக்கணும். அந்தத் தோல் தொட்ட தண்ணிதான் எல்லாத் தோட்டத்துலயும் பாஞ்சது. தைச்சவன் அந்தக் கிணத்துல இறங்கக் கூடாது. கூலி, அறுப்பு முடிஞ்சு களத்துல அள்ளிப் போடுற தானியம். அப்படிக் களத்துல கொடுக்கிற பங்குக்குக் கிராமத்துல என்ன பேரு தெரியுமா? "சுதந்திரம்". கைகட்டி நின்னு வாங்குறதுக்குச் சுதந்திரம்னு பேரு வச்ச ஊரு நம்ம ஊரு.

இப்பப் பந்தலுக்குள்ள பார்ப்போம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சது. சுங்குடிக்கு மதுரை பேருல 2005லயே கிடைச்சது. சந்தோசம். அலிகார்ல இருந்து எந்திரப் பூட்டு வந்து நம்ம பூட்டுப் பட்டறைகளை நசுக்கிட்டு இருக்கிறப்ப, அந்தத் தொழிலாளிக்கு ஒரு பிடிமானம் வேணும். நான் அதுக்கு எதிரி இல்ல. ஆனா இதே திண்டுக்கல் ஊரறிஞ்ச இன்னொரு தொழில் தோல் ஷாப்பு. எந்தக் கண்காட்சியிலயாவது தோல் ஷாப்புக்குப் பந்தல் போட்டுப் பார்த்திருக்கீங்களா? செருப்பு வைப்பாங்க, பை வைப்பாங்க. சுண்ணாம்புக் குழியில முழங்கால் வரை நின்னவன் காலை எவனாவது காட்டுவானா? 1996 ஆகஸ்டுல உச்சநீதிமன்றம் தமிழ்நாட்டுத் தோல் ஆலைகள் வழக்குல தீர்ப்புச் சொன்னது. அப்ப நம்ம மாவட்டத்துக்குத் திண்டுக்கல் அண்ணா மாவட்டம்னு பேரு. நம்ம மாவட்டம் உட்பட அஞ்சு மாவட்டத்து ஆலைகளுக்கு ஆளுக்குப் பத்தாயிரம் ரூபா அபராதம் போட்டது. சுத்திகரிப்பு வசதி செய்யாட்டி மூடணும்னு சொன்னது. கிணறு கெட்டது, நிலம் கெட்டது, தீர்ப்பு சரிதான். ஆனா அந்தக் குழியில நின்னவன் தோல் கெட்டதுக்கு எவன் கணக்குப் பார்த்தான்? மாட்டுத் தோலைப் பதப்படுத்தத் தெரிஞ்ச ஊருக்கு மனுசத் தோலைப் பாதுகாக்கத் தெரியல.

இந்த மறைப்புக்கு இன்னொரு கதை சொல்றேன். மிருதங்கம் இருக்குல்ல, சபாவுல, பட்டு விரிச்சு வாசிக்கிறது. மாட்டுத்தோலும் எருமைத்தோலும் ஆட்டுத்தோலும் இல்லாம அது பேசாது. பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்தவர் தஞ்சாவூர்ப் பர்லாந்து, தலித் கிறித்துவர். அந்தத் தலைமுறைகளைப் பத்தி டி.எம். கிருஷ்ணா 2020ல "செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்" என்று ஒரு புத்தகம் எழுதினார். அதை வெளியிட முதல்ல இடம் கொடுத்த கலாக்ஷேத்ரா பிறகு அனுமதியைத் திரும்ப வாங்கிக்கிட்டது. வேற இடத்துலதான் வெளியிட்டாங்க. கருவி மேடைக்குப் போகலாம். செஞ்சவன் பேரு போனா மேடைக்குத் தீட்டு. திருப்பாவையில ஆண்டாள் கண்ணன்கிட்டக் கேட்கிறது பறை. மார்கழி முப்பது நாளும் வீட்டுக்கு வீடு கேட்கிறாங்க. அந்தப் பறையை எங்க தெருவுல கட்டித் தர்றோம்னு சொன்னா மட்டும் வாங்க ஆள் இல்ல.

இப்ப நமக்குள்ள இருக்கிற சண்டைக்கு வர்றேன். தப்பை அடிக்கணுமா, விடணுமா?

விடணும்னு சொன்னவங்க நம்ம பெரியவங்க. 1927ல மகாடுல பாபாசாகேப் அம்பேத்கர் செத்த மாட்டுக் கறியை விடச் சொன்னார். காட்டுமன்னார்கோயில் பக்கம் எல். இளையபெருமாள் போன்றவங்க இழவுக்குப் பறையடிக்கிறதையும் செத்த மாடு தூக்குறதையும் நிறுத்தச் சொல்லிப் போராடினாங்க. அந்தக் குச்சியைக் கீழே போட்டதுக்காக அடி வாங்கின ஊர்கள் எத்தனை! கூலியை நிறுத்தினான், பாதையை அடைச்சான். அவங்க கீழே போட்டதாலதான் நான் வாத்தியார் ஆனேன். அதை மறந்துட்டுப் "பறை எங்கள் பெருமை" என்று மட்டும் பேசினா அவங்க முதுகுத் தழும்பு நம்மை மன்னிக்காது.

எடுக்கணும்னு சொன்னவங்களும் நம்ம ஆட்கள்தான். இதே திண்டுக்கல்லுல சகோதரி சந்திராவும் தோழிகளும் 1990களில் இருந்து சக்தி கலைக்குழுவை நடத்தினாங்க. தலித் பெண்பிள்ளைங்க இடுப்புல தப்பைக் கட்டிக்கிட்டு நடுத்தெருவுல ஆடினாங்க. நம்ம வீட்டு ஆம்பளைங்களே பெண்டுக தப்பைத் தொடக்கூடாதுன்னு சொன்ன காலம் அது. ஊரு ஒதுக்கி வச்ச கருவியை, ஊரும் வீடும் ஒதுக்கி வச்ச கை எடுத்தது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. அந்த விருதுல கட்டினவன், அடிச்சவன் எல்லாருக்கும் ஒரு பங்கு இருக்கு.

ரெண்டுல எது சரி? நான் ரொம்ப நாள் குழம்பினேன். என் தம்பி மகன்தான் தெளிய வச்சான். அன்னைக்கு ராத்திரி அவன்கிட்ட, "ஏப்பா, இந்த வேலையை நீ கத்துக்க மாட்டியா? ஐயாவோட போயிருமா?" என்று கேட்டேன். அவன் சொன்னான்: "அடிக்கக் கத்துக்குவேன் பெரியப்பா, எனக்குப் பிடிச்சிருக்கு. கட்டவும் கத்துக்குவேன். ஆனா நீ இன்னார் மகன், அதனால நீதான் செய்யணும்னு எவனாவது சொன்னா, அன்னைக்கே விட்ருவேன்."

அவ்வளவுதான் தோழர்களே, இதைத்தான் பாபாசாகேப் 1936லயே சொன்னார். சாதி வேலையைப் பிரிக்கலை, வேலை செய்றவனைப் பிரிச்சு வச்சிருக்குன்னு. மறுக்கிற உரிமை இருந்தா அது கலை. மறுக்க முடியாட்டி அது ஊழியம். குச்சியைக் கீழே போட்ட பெரியவங்க அந்த உரிமையைச் சம்பாதிச்சாங்க. குச்சியை எடுத்த பெண்பிள்ளைங்க அந்த உரிமையோட எடுத்தாங்க. ரெண்டு பேரும் ஒரே போராட்டத்தைத்தான் நடத்தினாங்க.

இதை வச்சுத்தான் "பாரம்பரியத் தொழில்"னு யார் எதைக் கொண்டு வந்தாலும் நாம உரசிப் பார்க்கணும். 1953ல ராஜாஜி அரசு பிள்ளைங்களைப் பாதி நேரம் பள்ளிக்கூடம், பாதி நேரம் அப்பன் தொழில்னு பிரிச்சது. குலக்கல்வின்னு எதிர்த்தோம். 1954ல காமராசர் வந்து எடுத்தார். 2023ல ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டம்னு 18 தொழிலுக்குக் கொண்டு வந்தது. பூட்டுச் செய்றவர் இருக்கார், செருப்புத் தைக்கிறவர் இருக்கார். குடும்பத் தொழில்ங்கிற நிபந்தனை அதுல இருக்குன்னு தமிழ்நாட்டு அரசு மறுத்துட்டு, 2025ல கலைஞர் கைவினைத் திட்டம்னு 25 தொழிலுக்குத் தொடங்கினது. முப்பத்தஞ்சு வயசு ஆனவங்களுக்கு, எந்தக் குடும்பத்துல பிறந்தவரா இருந்தாலும் என்று வச்சாங்க. அந்த வேறுபாடு முக்கியமான வேறுபாடு. ஆனா நான் இன்னும் ஒண்ணு கேட்கிறேன். எந்தக் குடும்பத்துல பிறந்தவரும்னு காகிதத்துல எழுதினாச்சு. தோல் ஊறப்போடுற குழிகிட்ட வேற தெருப் பிள்ளை ஒண்ணு எப்ப வந்து நிக்கும்? அது வந்து நிக்கிற அன்னைக்குத்தான் இது கைவினை. அதுவரைக்கும் சாதிவினை.

கடைசியா, கண்காட்சி என்னாச்சுன்னு சொல்லிடுறேன். தம்பி சட்டையைப் போட்டுக்கிட்டான். பையன் ஒரு அட்டையை வாங்கி, பழைய பலகைக்கு மேல ஒட்டினான். கட்டியவர் பேரு, ஊர், அவருக்குக் கத்துக் கொடுத்த எங்க ஐயா பேரு, ஒரு தப்புக் கட்ட எத்தனை நாள் ஆகும், என்ன விலை, எல்லாம் எழுதினான். நடத்துறவங்களுக்கு முகம் சுண்டிப்போச்சு. ஆனா எடுக்கச் சொல்லல. மறுநாள் தம்பி அவனாவே எழுந்து நின்னு, மரம் எது, பசை எதுன்னு வந்தவங்களுக்கு விளக்கம் சொன்னான். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, "தாத்தா, நான் தொட்டுப் பார்க்கலாமா?" என்றது. கூட வந்த அம்மா கையைப் பிடிச்சு இழுத்தாங்க. பிள்ளை அதுக்குள்ள ஒரு தட்டுத் தட்டிருச்சு. தம்பி சிரிச்சுட்டு, "குச்சியப் பிடிக்கிற விதம் சரியில்ல தாயி, இப்படிப் பிடி" என்றான்.

வீட்டுக்கு வரும்போது நான் அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். தம்பிகிட்ட அண்ணன் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் எங்க வீட்டுல கிடையாது. அவன் பெட்டியைச் சைக்கிள்ல கட்டிக்கிட்டே, "விடுண்ணே, அடுத்த வருசமும் கூப்பிட்டாப் போவோம். பலகையை மட்டும் நாம எழுதிக் கொண்டு போவோம்" என்றான்.

அதைத்தான் இந்தக் கூட்டத்துக்கும் நான் வைக்கிறேன். கூப்பிட்டால் போவோம். வரவேற்பு மாலைக்கு முன்னால் மேளமாக மட்டும் போக மாட்டோம். பேரில்லாத பலகைக்குக் கீழே உக்கார மாட்டோம். கூலியை முன்கூட்டிப் பேசுவோம். பிடிக்காவிட்டால் வர மாட்டோம் என்று சொல்லுவோம், சொன்னதற்காக எவனும் நம்மைத் தொட முடியாதபடி சேர்ந்து நிற்போம். அடிப்பதாக இருந்தால், சட்டை போட்டுக்கொண்டே அடிப்போம்.